மூன்று நாள் லீலா

மைசூர் மண்டி மொஹல்லாவை ஒட்டிய அந்த ஆஸ்பத்திரியில் லீலாவுக்கு ‘மூணு நாள் லீலா’ என்று பட்டப்பெயர். குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்தொன்பது வருஷமாக நர்ஸ். குழந்தை எப்படி இருக்கிறது என்று கன்னடத்தில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் ஒரே பதில்தான்: மூன்று நாள் போகட்டும். கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டுமே. பிறந்த அன்று திணறிய குழந்தை, நுரையீரல் விரிய மருந்து விட்டதும் மறுநாள் நிறம் தெளிந்து கிடக்கும். பெற்றவர்கள் சிரிப்பார்கள். அதற்கப்புறம்தான் சில குழந்தைகளுக்கு அதே நுரையீரலில் ரத்தம் கசியும். லீலா சூடு கண்ட பூனை.

அவளுக்கே ஒரு நாள் வாய் தவறியது, கணேஷ்குமாரிடம். மாதேஸ்வரன் மலைப் பக்கத்து ஹனூர்க்காரன், கட்டடத்தில் சென்ட்ரிங் வேலைக்கு மைசூர் வந்தவன். மனைவி மனிஷாவுக்கு ஏழாம் மாதத்திலேயே ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்திருந்தார்கள். எடை தொள்ளாயிரம் கிராம். லீலாவுக்கும் ஹனூர்தான். நாளெல்லாம் கன்னடம் பேசிப் பழகியவளுக்கு, அவன் ‘ஏனுங்கக்கா’ என்று கூப்பிட்டதுமே மனசு இளகிவிட்டது. சொந்த ஊர்த் தமிழ் பொல்லாதது.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு அவன் வாசலில் நின்றான்.

“ஏனுங்கக்கா, மாதேஸ்வரன் மலைக்கு முடி நேர்ந்திருக்கறனுங்க. இன்னைக்குப் போயிட்டுப் பொழுதோட வந்தர்லாமுங்களா? பாப்பாவுக்கு ஒண்ணும் பயமில்லீங்களே?”

மானிட்டரில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. ஆக்ஸிஜனைக்கூடக் குறைத்திருந்தார்கள். இன்னும் ஒரு நாள் பொறுங்கள் என்பது அவளுக்கு நுனி நாக்கு வரை வந்தது.

“பயமில்லீங்க தம்பி. போயிட்டு வாங்க” என்றாள்.

மத்தியானம் இரண்டு மணிக்குக் குழந்தையின் மூச்சுக் குழாயில் ரத்தம் ஏறியது. டாக்டர் நிர்மலா ஓடி வந்து வெண்டிலேட்டரில் காற்றழுத்தத்தைக் கூட்டினார். ரத்தத்தைக் கண்டால் உறிஞ்சி எடுக்கத்தான் கை போகும். ஓயாமல் உறிஞ்சக் கூடாது. குழாய் அடைக்காத அளவுக்கு மட்டும் எடுத்துவிட்டு, உள்ளே காற்று அழுத்தி நின்று கசிவை அடக்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைவிடக் கொடிய வேலை நர்ஸுக்கு இல்லை. குழாய்க்குள் மருந்து விட்டார்கள், ரத்தம் ஏற்றினார்கள். நாலு மணிக்குக் கசிவு நின்றது போலிருந்தது. பிறகு மறுபடியும் வந்தது.

மனிஷாவைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். அவள் விரல் குழந்தையின் நெற்றியில் இருக்கும்போதே, ஐந்தரைக்கு உயிர் போய்விட்டது. மலையில் கணேஷ்குமாரின் போனுக்கு லைன் கிடைக்கவே இல்லை.

“நீங்க சொன்னதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல லீலா” என்றார் டாக்டர்.

ரத்தம் கசிந்தது தன்னால் இல்லை என்று லீலாவுக்குத் தெரியாதா? கடைசி நேரத்தில் தகப்பன் பக்கத்தில் இல்லாமல் போனது தன்னால்தானே. அதற்கு எந்த டாக்டர் சமாதானம் சொல்ல முடியும்?

ஏழரை மணிக்குக் கணேஷ்குமார் வந்தான். மொட்டைத் தலையில் சந்தனம், கையில் பிரசாதப் பை. வேறு யாரும் சொல்வதற்குள் லீலாவே வாசலுக்குப் போனாள்.

“தம்பி, பாப்பா போயிட்டாளுங்க. காலைல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. உங்களைப் போகச் சொன்னது நான்தானுங்க.”

திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் பிரசாதப் பையைச் சுவரோரம் இறக்கி வைத்தான்.

“நான் அவளை இன்னும் ஒருக்காக்கூடத் தூக்கலீங்களே அக்கா.”

குழாய்களை எடுத்து, துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்த குழந்தையை லீலா கொண்டு வந்தாள். கையை நீட்டியவன் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

“இருங்கக்கா, பஸ்ஸுல வந்த கையி. கழுவிட்டு வந்தர்றனுங்க.”

வாசல் ஓரத்துக் குழாயடியில் சோப்புப் போட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்து, முழங்கை வரைக்கும் கழுவினான். இனி வேண்டியதில்லை என்று சொல்ல லீலாவுக்கு வாய் வரவில்லை. குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி, அவன் கழுவி முடிக்கும் வரை நின்றாள்.