நான் நிரப்பிக் கொடுத்த போத்தல்

சைக்கிள் ஓட்ட அணியை விட்டு விலகிப் பனிச்சங்கேணிப் பாலத்தில் நடந்துகொண்டிருந்தபோது சுகந்தன் சைக்கிளில் வந்து மறித்தான். அவன் எங்கள் அணியின் முதல் ஓட்டக்காரன். நான் அவனுடைய சைக்கிளுக்குச் சில்லுக் கழற்றிப் பூட்டுகிறவன். ஊக்கமருந்து போடுகிற அவன், சோதனைக்கு என் சிறுநீரைத்தான் ஒளித்துக் கொண்டுபோய்க் கொடுப்பான். பதிலுக்கு அடுத்த போட்டியில் எனக்கு இடம் தருவதாகச் சொல்வான். மூன்று முறை கொடுத்தும் இடம் வரவில்லை. "அவன் எங்க ஓடுறது? அவன்ட சலம்தான் ஓடும்" என்று மற்றவர்களிடம் அவன் சிரித்தது என் காதில் விழுந்தது.

நான்காம் முறை, அவனுடைய பையிலிருந்த ஊக்கமருந்துக் குளிசைகளில் இரண்டை முதல் நாள் இரவே விழுங்கிவிட்டுப் போத்தலை நிரப்பிக் கொடுத்தேன். பாலத்தில் அவன் மறித்த அன்று காலைதான் சோதனை முடிவு வந்திருந்தது. அவனுக்கு நான்கு வருடத் தடை.

"குளிசையில ரெண்டு குறையுது. நீதானேடா?"

"ஓம்."

"இந்த முறை நான் ஒண்டும் போடல்லடா. பழசு உடம்பில கிடக்குமெண்ட பயத்திலதான் உன்னிட்டக் கேட்டன்." அழுதான்.

"அப்ப உன்ட சலத்தையே குடுத்திருக்கலாமே, மச்சான்."

சொல்லிவிட்டு நடந்தேன். பாலம் முடியும்வரை அது இனித்தது. இன்றும் அவன்மேல் எனக்கு இரக்கமில்லை. ஆனால், அவன் மருந்தை விட்ட போட்டியில்தான் நான் அதைக் குடித்தேன்.

மறுநாள் காலை ஒரு மீன்வாடியில் வேலை கேட்டேன். "சைக்கிள் ஓடுவியா? மீன் கொண்டுபோக ஆள் வேணும்" என்றார் முதலாளி. ஓடத் தெரியாது என்று சொல்லி, ஐஸ் உடைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன்.