இரண்டாவது கார்டு

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில் பதினாறாம் நாள் விசேஷம். நடுக்கூடத்தில் விளக்கு, மாலை போட்ட பெரிய போட்டோ. உள்ளே வந்தவர்கள் எல்லாரும் அதன் முன்னால் ஒரு நொடி தயங்கினார்கள். யார் இது?

வாக்காளர் அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். ஸ்டாம்ப் அளவுப் படத்தை அவ்வளவு தூரம் இழுத்தால் என்ன ஆகும்? கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்பு. வாய் ஒரு கோடு. போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருந்தார் எங்கள் சுடலைமுத்து அண்ணாச்சி.

டவுனில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். ஆனால் தெருவுக்கு அவரைத் தெரிந்தது பந்தியில்தான். யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு நிற்பார். போட்டோக்காரர் கூப்பிட்டால், "இந்த வரிசைக்கு ரசம் ஊத்திட்டு வாரேன்" என்பார். வர மாட்டார். தெருவில் எல்லா வீட்டு ஆல்பத்தையும் புரட்டிவிட்டோம் — அவர் கை இருக்கிறது, கரண்டி இருக்கிறது, முகம் இல்லை. அவருடைய சொந்தக் கல்யாண ஆல்பம், ஆற்றங்கரைப் பக்கம் குடியிருந்தபோது வந்த பெரிய வெள்ளத்தோடு போய்விட்டது.

ஆனால் ஒரு நல்ல படம் இருந்தது. நான் எடுத்தது.

டிஜிட்டல் கேமரா வாங்கிவிட்டேன் என்று சில மாதம் முன்பு இதே பக்கத்தில் பீற்றிக்கொண்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பிலிம் வேண்டாம், கழுவ வேண்டாம், பிடிக்காததை அழித்துவிடலாம்... இரண்டாயிரமாம் ஆண்டு பிறப்பதற்குள் பிலிம் செத்துவிடும் என்றுகூட அளந்தேன். அதைப் படித்துவிட்டு, 'முதல் கேமரா எது வாங்கலாம், கூட என்னென்ன வாங்க வேண்டும்' என்று கேட்டு இன்னும் கடிதம் வருகிறது.

எனக்கு வாங்கிக் கொடுத்தவன் காதர். மேலப்பாளையத்துக்காரன், கல்லூரியில் என்னோடு படித்தவன், துபாயில் எலக்ட்ரானிக்ஸ் கடையில் வேலை. ஊருக்கு வருவதற்கு முன்னால் போனில் கேட்டான். பெரிய ஜூம், ஸ்டாண்டு, தோல் பை என்று நான் அடுக்கினேன்.

"ஏலே, நான் சொல்லுதத கேளு. சின்ன கேமரா போதும். கூட இன்னொரு கார்டு, சார்ஜ் ஏத்துத பேட்டரி ரெண்டு செட்டு வாங்கிக்கோ. கேமராவோட வார கார்டு பன்னெண்டு படத்துல நெறஞ்சிரும்."

"நெறஞ்சா அழிச்சிக்கிடலாம்லா? அதுக்குத்தானே டிஜிட்டலு."

"ஜூம் இல்லாட்டி ரெண்டு எட்டு முன்னால நடந்துக்கிடலாம். எடம் இல்லாட்டி என்னலே செய்வ?"

கேட்டேனா? ஜூம் வந்தது. தோல் பை வந்தது. கார்டு மட்டும் உள்ளே இருந்த அந்த ஒன்றுதான்.

கேமரா வந்த புதிதில் ஒரு காலை, குறுக்குத்துறையில் அண்ணாச்சி ஆற்றில் குளித்து முடித்து, துண்டைப் பிழிந்துகொண்டு படியில் நின்றார். பந்தி இல்லாத இடம் — தப்பித்து ஓட வழியில்லை. "என்ன வே, போன வாரம் விஷயமே இல்லாம எழுதியிருக்கீரு" என்று என்னை வாரினார். வாரிவிட்டு அவரே சிரித்தார். அமுக்கிவிட்டேன்.

சின்னத் திரையில் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். "ஆளு நல்லாத்தான் இருக்கேன். வீட்டுல அவகிட்ட காட்டும்" என்றார்.

அவர் மனைவி செண்பகம் அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கேமராவை வாங்கினார். "சிரிச்சிக்கிட்டு நிக்காவ..." என்றார். பிறகு, "இத ஒண்ணு போட்டுக் குடுங்க தம்பி, சட்டம் போட்டு மாட்டிக்கிடுதேன்."

போட்டுக் கொடுப்பது லேசா? ஜங்ஷனில் ஒரு ஸ்டுடியோக்காரர் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிலிமு எங்கன சார் இருக்கு?" என்றார். கம்ப்யூட்டர் சென்டரில் ஒயரைச் சொருகினார்கள்; கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. அடுத்த வாரம் வாங்க என்றார்கள். நான் போகவில்லை.

பாபநாசம் போனேன். அருவியில் நல்ல தண்ணீர். நாலு படம் எடுப்பதற்குள் கார்டு நிறைந்துவிட்டது. எதை அழிப்பது? ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். அண்ணாச்சி சிரித்துக்கொண்டு வந்தார். அருவி தினமும் இப்படியா விழும்? அண்ணாச்சி பக்கத்து வீட்டில்தானே இருக்கிறார், நாளைக்கே இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம்... அழிக்கவா என்று கேமரா கேட்டது. அழி என்றேன்.

அந்த அருவிப் படம் இருக்கிறது. காயப்போட்ட வேட்டி மாதிரி, ஒரே வெள்ளை.

நாளைக்கு எடுக்கவில்லை. அடுத்த வாரமும் எடுக்கவில்லை. ஒரு மத்தியானம் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அண்ணாச்சி, பிறகு எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் அக்கா கூப்பிட்டு அனுப்பினார். "தம்பி, ஆத்துல வச்சு ஒரு படம் எடுத்தியள்லா..." அழுது அழுது குரலே இல்லை. அழித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேமரா ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன். அசிங்கம்தான். வேறென்ன சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். அக்கா வாசல் வரைக்கும் வந்தார்.

"இது அவிய மாதிரியே இல்ல தம்பி. பாக்கவே பயமா இருக்கு. கேமரா சரியானதும் அதக் குடுங்க, இத எடுத்துட்டு மாட்டிக்கிடுதேன். அவசரம் ஒண்ணும் இல்ல... பையவே குடுங்க."

சரி அக்கா என்றேன். மறுபடியும்.

ஆகவே, கடிதம் எழுதிய அன்பர்களே, ஜூமை விடுங்கள். தோல் பையை விடுங்கள். முதலில் இரண்டாவது கார்டை வாங்குங்கள். அதுவும் நிறைந்தால் அருவியை அழியுங்கள்.

செண்பகம் அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. வாராவாரம் இந்தப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டியது அண்ணாச்சிதான். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.