கடையாணி

விளக்கெண்ணெய் வாசனை எங்கிருந்து வந்தாலும் இப்போதும் என் பல் தானாகக் கடிபடுகிறது. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அப்பா மாட்டுவண்டி அச்சுக்குத் தடவும் ‘வண்டிமை’யை, தொண்ணூற்றொன்றில், பிள்ளைப்பாக்கத்தில் ஏழாம் வகுப்புப் படித்தபோது, நான் செய்த சின்ன இயந்திரம் ஒன்றுக்கும் தடவினேன். மன்னிக்கிற குணம் எனக்குக் கிடையாது. இதை ஆறிப்போன கதையாக யாரும் படிக்க வேண்டாம்.

எங்கள் அறிவியல் ஆசிரியர் நல்ல வாத்தியார், அதுதான் வயிற்றெரிச்சல். நெம்புகோலையும் கப்பியையும் மனப்பாடம் செய்தது போதும் என்று, வீட்டில் கிடக்கும் உடைசல்களைக் கொண்டு ஆளுக்கொன்று செய்துவரச் சொன்னார். கல்வி அதிகாரி வரும்போது செய்தவரே அதை இயக்கி விளக்க வேண்டும். நான் கிணற்று ராட்டினம் செய்தேன். உடைந்த கட்டில் காலை உருளையாக்கி, இரண்டு கவைக் கொம்புகளில் படுக்கவைத்து, முனையில் பலகையில் அறுத்த சக்கரத்தை மாட்டி, சக்கரமும் உருளையும் சேர்ந்து சுழல இரண்டையும் கோத்து ஒரு கடையாணி செருகினேன். சுண்டுவிரலால் சுற்றினாலே முழுச் செங்கல் கயிற்றில் ஏறி வந்தது. “அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது” என்று சொல்லி, அந்த ஆணியை மட்டும் அப்பாவே அரத்தால் ராவிக் கொடுத்தார்.

அதிகாரி வருவதற்கு முதல் நாள் ஒத்திகையில் நான் தொடங்கினேன்: “சார், இத்த சுத்துனா கல்லு மேல வருது. உள்ள ஒரு கட்டை கீது...”

அதற்குமேல் அவர் விடவில்லை. “வாயத் திறந்தா இன்னா, கீதுன்னு வருது. அதிகாரி முன்னாடி இப்படிப் பேசினா ஸ்கூல் மானம் என்னாகும்? ரோசலின், இத நீ பேசு.”

வகுப்பே சிரித்தது. ரோசலின் போஸ்ட் மாஸ்டர் மகள், புத்தகம் போலப் பேசுவாள். ராட்டினத்தில் கட்டியிருந்த அட்டையில் ‘வசந்தா’ என்ற என் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை அவரே எழுதினார். நான் அழவில்லை. யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வராதா? மறுநாள் காலை யாரும் வருமுன் போய்க் கடையாணியை உருவிக்கொண்டு, துளையில் வண்டிமையை அப்பி மறைத்தேன். எல்லாரும் பார்க்க அவள் சுற்றட்டும், சக்கரம் சும்மா சுழலட்டும், வாத்தியார் முகம் கோணட்டும் என்று ஆணியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு பின்வரிசையில் நின்றேன்.

அதிகாரி வந்தார். ரோசலின் சக்கரத்தைத் தொடவே இல்லை.

“சார், இது நான் செஞ்சது இல்ல. வசந்தா செஞ்சா. அவளே சுத்திக் காட்டட்டும்.”

“அப்படியா? வாம்மா, நீயே சுத்து” என்றார் அதிகாரி.

என் கையில் ஆணி. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: ஆணி எங்கிட்ட கீது சார். தொண்டைவரை வந்தது. வாத்தியார் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் ‘கீது’வுக்கு மாற்றுச் சொல் எனக்கு எவ்வளவோ தெரியும், அந்த நிமிஷத்தில் ஒன்றும் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு சுற்றினேன். செங்கல் அசையவில்லை. இரண்டாம் சுற்றில் சக்கரம் கழன்று உருண்டுபோய் அதிகாரியின் செருப்பில் முட்டி நின்றது.

“நான் அப்பவே நெனச்சேன் சார், இதுக்கெல்லாம் இவ்ளோதான்” என்று வாத்தியார் அவரை அடுத்த மேசைக்கு அழைத்துப் போனார்.

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் மிஷின் பராமரிப்பு வேலைக்கு நான் சேர்ந்த பிறகு, பஸ் நிறுத்தத்தில் ஒருநாள் வாத்தியாரைக் கண்டேன். கிட்டப் போய், வேண்டுமென்றே, “சார், ராட்டினத்து ஆணி இன்னும் எங்கிட்டதான் கீது” என்றேன்.

“எந்த ஆணிம்மா? என்கிட்ட படிச்ச பொண்ணா நீ? நல்லா இரு” என்று சிரித்தார். பல வருஷம் தீட்டி வைத்த கத்தியை வைக்கோலில் குத்தியது போலாயிற்று.

இன்று பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. மாட்டுவண்டியும் இல்லை, வண்டிமையும் இல்லை, வாத்தியாரும் போன வருஷம் போய்ச் சேர்ந்தார். என் கோபம் அப்படியே இருக்கிறது, வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை. ரோசலின் மண்ணூரில் இருக்கிறாள். பஸ்ஸில் பார்த்தால் எனக்கு இடம்பிடித்து வைப்பாள். அந்த ஆணியைப் பற்றி அவளிடம் மட்டும் நான் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.