கோழிக்கொட்டகையில் பத்துக் குண்டு

பலூன் சுடுவதில் நான் கில்லாடி என்று எனக்கு ஒரு நினைப்பு. திருக்கோவிலூரில் திருவிழா என்றால் ராட்டினம், பஜ்ஜி எதையும் திரும்பிப் பார்க்க மாட்டேன். நேராகப் பலூன் கடைதான். பத்துக்கு எட்டு உடைப்பேன். கல்யாணமான புதிதில் மனைவியையும் கூட்டிப்போய்ப் பக்கத்தில் நிற்கவைத்துச் சுட்டிருக்கிறேன். ஒருமுறைகூட அவள் கையில் துப்பாக்கியைக் கொடுத்ததில்லை. அவளும் கேட்டதில்லை.

கள்ளக்குறிச்சியில் எனக்கு மோட்டார் பம்பு சாமான் கடை. ஒருநாள் கடைக்கு வந்த ஒருவர், கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறுவதற்கு முன்னால், சும்மா கிடந்த கோழிப்பண்ணையை வாடகைக்கு எடுத்து ஒரு பழைய ராணுவக்காரர் ஏர் ரைஃபிள் பயிற்சி நடத்துகிறார் என்று சொன்னார். யார் வேண்டுமானாலும் போய்ச் சுட்டுப் பார்க்கலாமாம். எனக்குக் கை பரபரத்தது. அடுத்த ஞாயிறே கிளம்பிவிட்டேன்.

"நீயும் வாயேன், சும்மா பாத்துக்கினு இருக்கலாம்" என்று மனைவியைக் கூப்பிட்டேன். நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள் எனக்கு எப்போதும் வேண்டும்.

நீளமான கொட்டகை. வெள்ளையடித்திருந்தும் கோழி நாற்றம் முழுதாகப் போகவில்லை. கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் முறைக்குக் காத்திருந்தார்கள். ராணுவக்காரர் ஆளுக்கொரு படிவம் நீட்டினார். "இவ சுட மாட்டாளுங்க" என்றேன். "உள்ள வந்துட்டு சுடாம போனா எப்பிடி சார்? மேடமும் சுடட்டும்" என்று சிரித்தார். இரண்டு படிவத்தையும் நானே நிரப்பினேன். பெயர், வயது, போன் நம்பர். அவளுடையதிலும் என் நம்பரையே எழுதினேன். அவளிடம் போன் இருக்கிறது. ஆனாலும் கேஸ், ரேஷன், பேங்க் எல்லாவற்றிலும் அவள் பெயருக்கு நேரே இருப்பது என் நம்பர்தான். யோசித்துச் செய்ததில்லை, கை பழகிவிட்டது.

முதலில் நான். பத்து மீட்டர் தள்ளி உள்ளங்கை அகலத்தில் ஓர் அட்டை. அதில் வட்டத்துக்குள் வட்டம், உள்வட்டங்கள் கறுப்பு, நடுவில் கடுகைவிடச் சின்னதாக ஒரு புள்ளி. ஆளுக்குப் பத்துக் குண்டு. "கட்டைய தோள்ல நல்லா அழுத்திக்குங்க. மூச்ச பாதி வுட்டுட்டு நிறுத்துங்க. விரல மட்டும் மெதுவா இழுங்க" என்றார். இதெல்லாம் எனக்கா என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

பலூன் கடைத் துப்பாக்கிகள் யோக்கியமானவை அல்ல. நான் பிடித்ததெல்லாம் வலப்பக்கமாகவே இழுக்கும். இடதுபக்கம் ஒரு விரற்கடை தள்ளிக் குறி பார்ப்பதுதான் என் வித்தை. இங்கேயும் அதையே செய்தேன். குண்டுகள் ஒன்றுவிடாமல் இடப்பக்கம் போயின. இரண்டு அட்டையிலேயே படவில்லை.

"இன்னா சார், எல்லாம் லெஃப்ட்லயே போய்க்கினு இருக்குது?"

"துப்பாக்கி ஒரு பக்கமா இழுக்குதுங்க."

அவர் அதே துப்பாக்கியை வாங்கி ஒருமுறை சுட்டார். குண்டு கறுப்பின் நடுவில் போய் உட்கார்ந்தது. "துப்பாக்கி நேராத்தான் இருக்குது சார்" என்றார். ஒரு பையன் குனிந்து சிரித்தான். திருத்திக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. நேரான பொருளை நேராகப் பார்க்கவே நான் கற்றிருக்கவில்லை.

அடுத்து அவள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். முதல் குண்டு அட்டையின் ஓரத்தில் பட்டது. இரண்டாவதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். "சீக்கிரம் சுடு, எல்லாரும் நின்னுக்கினு இருக்காங்க" என்றேன். அவள் திரும்பவில்லை. கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் நான் பேசி அவள் திரும்பாதது அதுதான் முதல் தடவை.

பத்தும் முடிந்து அட்டையை எடுத்து வந்தார். எட்டு கறுப்புக்குள் இருந்தன. அதில் மூன்று ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு புளியங்கொட்டையால் மூடிவிடலாம் போல இருந்தது. ராணுவக்காரர் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"யாரும்மா சொல்லிக்குடுத்தது?"

"யாரும் இல்லீங்க, இப்பதான் மொத தடவ."

"மூச்சு எப்பிடி நிக்குது பாருங்க சார் இவங்களுக்கு!"

"வூட்ல எங்கிட்ட மூச்சு வுடாம இருந்து பழக்கம்ங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்த எழவெடுத்த நகைச்சுவையில் பொய் எதுவும் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பெண்களுக்கென்று தனியாக ஒரு வகுப்பு தொடங்கப்போவதாகச் சொன்னார். அதில் தேறுகிறவர்களைப் போட்டிக்கு அனுப்புவாராம். "லிஸ்ட் போட்டுட்டு இந்த வாரமே போன் பண்றேம்மா. வந்துடுங்க" என்றார். அவள் தலையாட்டிய வேகத்தை நான் பார்த்தேன்.

திரும்பும்போது வண்டியில் என் தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். "ஏங்க, போட்டின்னா வெளியூர்லாம் போவணுமா?" அவள் குரல் அப்படி இருந்து நான் கேட்டதே இல்லை. எனக்குப் பொறாமைதான், வேறு பெயர் அதற்கு இல்லை. "மொத தடவ குருட்டாம்போக்குல வுழும். எல்லாருக்கும் அப்பிடித்தான்" என்றேன். "இருக்கும்" என்றாள்.

வியாழக்கிழமை மதியம் போன் வந்தது. சாப்பாடு கொண்டுவந்திருந்த அவள் கடையின் உள்ளே டிபன் கேரியரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பத்தடிகூட இருக்காது.

"மேடத்த இந்த ஞாயித்துக்கிழமையே கூட்டினு வாங்க சார். லிஸ்ட்ல மொத பேரு அவங்கதான்."

"அவளுக்கு இஷ்டம் இல்லீங்க."

"ஒரு வார்த்த அவங்களாண்ட பேசலாமா சார்?"

"இங்க இல்லீங்க" என்று வைத்துவிட்டேன்.

"யாருங்க?" என்றாள். "பைப்பு கம்பெனி" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். சோறு இறங்கத்தான் செய்தது.

சனிக்கிழமை, "போன் எதுனா வந்துச்சாங்க?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அடுத்த வாரமும் கேட்டாள். அதற்கடுத்த வாரம் ஒருநாள் என் போனை எடுத்துச் சார்ஜ் போட்டவள், ஒரு நிமிஷம் அதைப் பார்த்துவிட்டு வைத்தாள். பிறகு கேட்கவில்லை.

போன மாதம் அவளுடைய அண்ணன் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். கல்லூரியில் துப்பாக்கி சுடும் குழுவுக்கு ஆள் சேர்க்கிறார்களாம், கையில் படிவம் வைத்திருந்தாள். "சேரட்டா அத்த?" என்று கேட்டாள். மனைவி அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் நமக்கு வராதுடி. நானே போயி சுட்டுப் பாத்துட்டேன். நல்லா சுட்டிருந்தா கூப்ட்டிருப்பாங்க இல்ல?"

பெண் நம்பாமல் சிரித்தாள். மனைவி என் பக்கம் திரும்பினாள். "இன்னாங்க, நீங்களும் கூட இருந்தீங்க இல்ல, சொல்லுங்க அவளுக்கு."

இருவரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமாம்மா, அத்த சொல்றது சரிதான்" என்றேன்.