ஏழாம் நம்பர் மலையின் சிவப்புப் பை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஏழாம் நம்பர் மலையின் உச்சியில் ஒரு டர்பன்டைன் மரம் நிற்கிறது. அதன் தாழ்ந்த கிளையில் ஒரு சிவப்புச் சொப்பிங் பை தொங்கும். அதற்குள் ஒரு பழைய பட்டன் போன். காலையில் கொழுந்தெடுக்கப் போகும்போது பெரியம்மா அதைக் கட்டிவிடுவார், மாலையில் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு இறங்கும்போது அவிழ்த்து வருவார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அந்த சிம்முக்கு சிக்னல் கிடையாது. மஸ்கெலியா நீர்த்தேக்கம் தூரத்தில் தெரிகிற அந்த உச்சியில், அந்தக் கிளையின் உயரத்தில் மட்டும்தான் கிடைக்கும். மணி அடித்தால் பக்கத்து நிரையில் நிற்கிற யாராவது கத்துவார்கள்: "எக்கோவ், ஒம் மகன் மரத்துல வந்துட்டான், ஓடு!" கங்காணி ஒரு தடவை மரத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுக்கும் பேரு போடணும் போல இருக்கே. ஒங்கள விட ஒழுங்கா வேலைக்கு வருது" என்றார். பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்தால், அது அண்ணன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்த காலம்.

பெரியம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் அவன் ஒரே பிள்ளை. லயத்தில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். யுத்தம் நடக்கிற ஒரு குளிர் நாட்டில், முகாம் சமையலறையில் வேலை இருக்கிறது என்று யாரோ ஒரு ஏஜென்ட் சொன்னதை நம்பிப் போனான். போன நாலாம் நாள், நான் ஹட்டனுக்குப் போயிருந்தபோது, என் வாட்ஸ்அப்புக்கு ஒரு குரல் பதிவு வந்தது. வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். பெரியம்மா, "புள்ள கொரலப் போடு பாப்பா" என்று ஈரக்கையோடு ஓடிவந்தார். போடாமல் இருக்க முடியுமா? "தங்கச்சி, இங்க சண்டைக்குத் துவக்குப் புடிக்கப் பழக்குறாங்க. அம்மாகிட்ட சமையல் வேலைன்னே சொல்லு. நாளைக்குப் போனெல்லாம் வாங்கிருவாங்களாம். எப்படியாச்சும் வீட்டு நம்பருக்கு எடுக்குறேன்." பெரியம்மா முழுவதையும் கேட்டார். பெரியப்பா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர், அதை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து அவர்கள் அந்த மரத்துக்காகவே வேலைக்குப் போனார்கள், லீவு ஞாயிறுகளிலும் மலையேறினார்கள். எந்த மலையில் வேலை என்றாலும் பெரியம்மாவின் காது ஏழாம் நம்பரில்தான் இருந்தது. ஒருநாள் மணி அடித்தது. மழை. ஓடியதில் தண்ணீர்க் கான் ஓரத்தில் வழுக்கி விழுந்து, முழங்காலில் ரத்தத்தோடு எழுந்து மரத்தைத் தொடுவதற்குள் நின்றுவிட்டது. பார்த்தால் கம்பெனி விளம்பர அழைப்பு. அந்த முழங்காலை நான்தான் கழுவி மருந்து போட்டேன். எனக்கு எதையும் உடனே சரிசெய்துவிட வேண்டும். ஹட்டனில் கணினி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன், எதற்கும் ஒரு வழி இருக்கும் என்ற நம்பிக்கை நிறைய இருந்தது. பஸ் நிலையத்தருகே குடை விரித்து வேறொரு கம்பெனி சிம் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒன்று வாங்கி வந்து என் போனில் போட்டுப் பார்த்தேன். லயத்து வாசலிலேயே சிக்னல் முழுதாக நின்றது.

துள்ளிக்கொண்டு போய்ச் சொன்னேன். இனி மலையேறி ஓட வேண்டாம், வேலை முடிந்து வந்து வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து பேசலாம் என்றேன். பெரியம்மா உடனே கேட்டார்: "புள்ளைக்கு அந்தப் பழைய நம்பருதானே பாப்பா தெரியும்?"

"நா புது நம்பர வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன் பெரியம்மா. போனு கையில கெடச்சதும் மொதல்ல அதத்தான் பாக்கும் அண்ணன்."

பெரியம்மாவின் போனில் ஒரு சிம் மட்டும்தான் போடலாம். பழையதைக் கழற்றிக் கொடுத்தேன். பெரியம்மா அதை சாமிப்படத்துக்குக் கீழே திருநீற்று டப்பாவுக்குள் வைத்தார். நான் அனுப்பிய செய்திக்கு ஒரு சரி அடையாளம்தான் விழுந்திருந்தது. இரண்டாவது விழும் என்று நினைத்தேன். தினமும் பத்துத் தடவை எடுத்துப் பார்த்தேன். கொழும்புக்கு மனுக்கள் எழுதினேன், சிங்களத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. படித்தவள் பக்கத்து வீட்டில் இருப்பது அவர்களுக்குப் பெரிய பலம் என்று லயமே பேசிக்கொண்டது.

மூன்று மாதம் கழித்து, நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒருவர் விசாரித்துக்கொண்டு வந்தார். அதே முகாமில் இருந்தவர். காலில் அடிபட்டதால் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இஸ்தோப்புத் திண்ணையில் நாற்காலி போட்டோம். காலை நீட்டித்தான் உட்கார முடிந்தது.

"ஒங்க மகனும் நானும் ஒரே கூடாரம்மா. போனெல்லாம் அஞ்சாம் நாளே புடுங்கிட்டாங்க. ஒரு மாசம் கழிச்சுத்தான் ஞாயித்துக்கெழமையில ஒரு போன சுத்த விட்டாங்க, ஆளுக்கு ரெண்டு நிமிசம். அவனுக்கு ஒரே ஒரு நம்பருதான் மனப்பாடம். 'அம்மா மலையில நிக்கும், மரத்துல தொங்கும்டா போனு'ன்னு சிரிப்பான். நாலு ஞாயிறு அந்த நம்பருக்கு எடுத்தான்."

கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நான் வாசலில் நின்றேன். என் இலக்கம் அவன் போனுக்குள் 'தங்கச்சி' என்ற பெயராக மட்டும்தான் இருந்திருக்கிறது.

பெரியம்மா கேட்டார்: "யாரு தம்பி எடுத்தா?"

"யாரும் எடுக்கலம்மா. ஒரு பொம்பள பேசும்ல, நீங்கள் அழைத்த இலக்கத்துடன் இப்போது தொடர்புகொள்ள முடியாதுன்னு. மொதல்ல சிங்களத்துல சொல்லும், பெறகு தமிழ்ல. கட் பண்ணுடா, அடுத்தவனுக்குக் குடுன்னு கத்துவோம். 'இருடா, தமிழ் வருது'ம்பான். அது முடியிற வரைக்கும் காதுலயே வச்சிருப்பான்."

அஞ்சாவது ஞாயிறு வருவதற்குள் ஆட்களைப் பிரித்து வண்டிகளில் ஏற்றிவிட்டார்களாம். அவர் ஒரு வண்டி, அண்ணன் வேறு வண்டி. "அதுக்குப் பெறகு தெரியாதும்மா" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரியப்பா உள்ளே போய்த் திருநீற்று டப்பாவை எடுத்து வந்தார். சிம்மைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்து என்னிடம் நீட்டி, "போட்டுக் குடு பாப்பா" என்றார். போடும்போது சிம் இரண்டு தடவை கீழே விழுந்தது. மறுநாள் காலையில் சிவப்புப் பை மறுபடியும் மரத்துக்குப் போனது.

அது நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. விளம்பரம் தவிர எந்த அழைப்பும் வரவில்லை. மனுக்கள் கிடைத்தன என்று பதில் வந்தது, அவ்வளவுதான். என் செய்திக்கு இன்னும் ஒரே ஒரு சரி. இந்த ஒரு வருடத்தில் பெரியம்மா அந்தப் போனை ஒரு நிமிடம்கூட அணைத்ததில்லை. சார்ஜ் ஏறும்போதுகூட பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், இத்தனைக்கும் லயத்தில் அந்த சிம்முக்கு சிக்னல் கிடையாது என்று அவருக்குத் தெரியும்.

போன கிழமை ஒருநாள் மத்தியானம் சோறு கொண்டுபோனேன். பெரியம்மா மரத்தடியில் இடுப்பில் கட்டும் படங்கை விரித்து உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவினார். பிறகு எழுந்து, பையை அவிழ்த்து, போனை எடுத்து, சிவப்புப் பட்டனை அமுக்கிப் பிடித்தார். திரை அணைந்தது. "என்ன பெரியம்மா செய்றீங்க?" என்று பதறினேன்.

"ஒன் போனுலருந்து இதுக்கு எடு. அந்தப் பொம்பள என்னா சொல்லுதுன்னு நானும் கேக்குறேன்."

"இந்த நேரம் பாத்து அண்ணன் எடுத்தா?"

பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் அழைத்துக் கொடுத்தேன். முக்காட்டை விலக்கிக் காதில் வைத்துக்கொண்டார். சிங்களம் போனது. தமிழ் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். ஆங்கிலம் தொடங்கியதும் என்னிடம் திருப்பித் தந்தார்.

"நல்ல கொரலாத்தான் இருக்கு" என்றார்.

போனை மறுபடியும் இயக்கி, பையில் போட்டு, கிளையில் கட்டினார். மழைத் தண்ணீர் இறங்காதபடி வாயை இரண்டு முடிச்சுப் போட்டார். பிறகு கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு தன் நிரைக்கு இறங்கினார். நான் அங்கேயே நின்றேன். பை காற்றில் சுற்றிச் சுற்றி, முடிச்சு இறுகிக்கொண்டிருந்தது.