சமாதானம் கேட்ட தளபதி

திருமூர்த்தியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. பொள்ளாச்சிக்காரர். அமெரிக்காவில், ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் எங்களுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தார். ஹூஸ்டனில் பைப்லைன் இன்ஜினியர், பதினோரு வருஷமாக வேலை விசாதான். மிச்ச நேரமெல்லாம் நெப்போலியன் காலத்துச் சண்டைகளைப் படிப்பார். "எங்கூட்டுக்காரருக்கு மளிகை லிஸ்ட் மறக்கும், பீரங்கிக் கணக்கு மறக்காதுங்" என்பார் மனைவி வசந்தாமணி.

எங்கள் கிளப்ஹவுஸில் மாதம் ஒருவர் பேசுவார், பிறகு ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சாப்பிடும் பாட்லக். போன மார்ச்சில் அவர் முறை. ஆஸ்திரியப் படை நெப்போலியனிடம் தோற்ற வாக்ராம் போரைப் பற்றிப் பேசினார்.

"ரெண்டு நாள் சண்டைங்க. ஆஸ்திரியாக்காரன் உசிரக் குடுத்து நின்னான். தோத்தும் சிதறி ஓடல, வரிசை கலையாமத்தான் பின்வாங்குனான். ஆனா ஒரு வாரத்துக்குள்ள தளபதியே சமாதானம் கேட்டுட்டான். சிப்பாய்க்குத் தெம்பு இருந்துச்சு, தளபதிக்கு உள்ளுக்குள்ள விட்டுப்போச்சு. அதுக்கு மருந்து இல்லீங்க."

என்னமாய் உருகிச் சொல்கிறார் என்று கைதட்டினோம். அறிவுகெட்ட கூட்டம்.

சாப்பிடும்போது பொதுவாகச் சொன்னேன்: "எங்க டீம்ல பைப்லைன் ஆள் ஒருத்தர் வேணும். விசாவும் ட்ரான்ஸ்ஃபர் பண்ணுவாங்க. யாராவது இருந்தா சொல்லுங்க, நானே ரெஃபர் பண்றேன்."

திருமூர்த்தி புளியோதரையைக் கிளறிக்கொண்டே, "தெரிஞ்சவங்க இருந்தா சொல்றனுங்க" என்றார்.

அன்றைக்கு அவருக்கு வேலை போய் முப்பத்தொன்பது நாள். அறுபது நாளுக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் நாட்டை விட்டே கிளம்ப வேண்டும். மூடவிருந்த தன் பிரிவைக் காப்பாற்ற எட்டு மாதம் மேலிடத்தோடு மல்லுக்கட்டித் தோற்றவர், அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. தினமும் காலையில் சட்டையை இன் பண்ணிக்கொண்டு காரில் போய் லைப்ரரியில் உட்கார்ந்திருக்கிறார். நாலு தமிழர் முன்னால் வேலை போச்சு என்று சொன்னால் மானம் போய்விடுமாம். மண்ணாங்கட்டி மானம்.

இதெல்லாம் அறுபதாம் நாள், ஊருக்கே திரும்பும் வழியில் ஏர்போர்ட்டிலிருந்து வசந்தாமணி போன் பண்ணியபோதுதான் தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கே முந்தின வாரம்தான் சொல்லியிருக்கிறார்.

"ஏம்மா, அன்னிக்கே அவரு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கத்திவிட்டேன்.

"நானும் அதத்தாங்ண்ணா கேட்டேன். இன்னொருக்கா தோக்கறதுக்கு எனக்குத் தெம்பில்லன்னுட்டாரு." தணிந்த குரலில் கேட்டாள்: "அந்த வேலைக்கு ஆள் போட்டுட்டாங்களாண்ணா?"

"போட்டாச்சும்மா" என்றேன். இன்னும் காலியாகத்தான் இருந்தது.