இரண்டு தெருவுக்கும் ஒரே கால்வாய்

ஆம்பூரில் நாங்கள் குடியிருந்த தெருவுக்கும் மசூதித் தெருவுக்கும் நடுவில் ஒரு கால்வாய் ஓடியது. எங்கள் பக்கம் பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பங்கள். ஆசிரியர்கள், நர்ஸுகள், ஷூ கம்பெனிகளில் ஆபீஸ் வேலை பார்த்தவர்கள். அந்தப் பக்கம் தோல் வியாபாரிகளும், தோல் பதனிடும் ஷாப்புகளில் கூலிக்குப் போனவர்களும் கலந்து இருந்தார்கள். இரண்டு பக்கத்துக் கழிவுநீரும் அந்தக் கால்வாயில் விழுந்து பாலாற்றுக்குப் போயிற்று. கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் ரம்ஜானுக்குப் பிரியாணியும் சில வீடுகளுக்கு இடையே போய்வந்ததைத் தவிர, எங்களுக்குள் பெரிய பழக்கம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

நான் ஒரு ஷூ கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். சர்ச்சில் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நாற்காலி போட வைப்பது, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களைப் பார்த்துவர ஆள் அனுப்புவது, இவைதான் என் பொறுப்பு.

எழுபதுகளில் பிரியாணி வாங்கப் போனால் தூக்குச்சட்டி எடுத்துப்போவோம். மறந்து போனவர்களுக்கு மந்தாரை இலையில் மடித்து, மேலே செய்தித்தாள் சுற்றி, நூல் கட்டித் தருவார்கள். கிண்ணம் கொண்டுபோகாதவர்களுக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காய்க் குழம்பு கிடையாது. எண்பதுகளின் நடுவில் மெல்லிய பாலிதீன் கவர் வந்தது. கத்தரிக்காய் ஒரு கவரில், வெங்காயப் பச்சடி இன்னொரு கவரில், எல்லாம் சேர்ந்து பெரிய கவர் ஒன்றில். எங்களுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. சேலையில் எண்ணெய் படவில்லை. என் அம்மா கொஞ்ச நாள் அந்தக் கவர்களைக் கழுவிக் கொடியில் காயப் போட்டாள். வீட்டில் கவர் பெருகியதும் அதை விட்டுவிட்டாள். பிறகு எல்லோரையும் போல நாங்களும் குப்பையைக் கவரில் முடிந்து கால்வாய் ஓரம் வீசினோம்.

ஒரு ஐப்பசி மழையில் மசூதித் தெருவில் ஒரு பழைய தோல் வியாபாரி இறந்துபோனார். கால்வாய் நிரம்பி, இரண்டு தெருவிலும் முழங்காலளவுக்குக் கழிவுநீர் நின்றது. அடக்கம் செய்யும் இடத்துக்குக் கால்வாய்மேல் இருந்த சிறுபாலத்தைத் தாண்டி எங்கள் தெரு வழியாகத்தான் போக வேண்டும். உடலை வைத்த சந்தாக்குப் பெட்டியைத் தோளில் சுமந்து அவர்கள் தண்ணீருக்குள் இறங்கி வந்ததை நான் வாசலில் நின்று பார்த்தேன். பாலத்தருகே முன்னால் வந்தவருக்குக் கால் வழுக்கியது. சந்தாக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மேலே போர்த்தியிருந்த துணியின் ஓரம் அந்தத் தண்ணீரில் தோய்ந்தது. எங்கள் பக்கத்து வீட்டு டிரில் மாஸ்டர் பேன்ட்டோடு குதித்துத் தோள் கொடுத்தார். திரும்பி வந்தவர்கள் கால் கழுவ எங்கள் வீடுகளிலிருந்து வாளியில் தண்ணீர் கொடுத்தோம்.

மழை விட்டதும் இரண்டு தெரு ஆண்களும் கடப்பாரையும் கொக்கியும் கொண்டு பாலத்துக்கு அடியில் குத்தி இழுத்தார்கள். வந்ததெல்லாம் கவர்கள். ஒன்றோடொன்று ஒட்டி, சேறு அப்பி, ஷாப்புத் தொட்டியில் ஊறிய தோலைப்போல கனமாக வந்தன. கரையில் மலைபோலக் குவிந்தன.

அடுத்த சனிக்கிழமை எங்கள் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது சர்ச் ஹால் வாசலில் புர்கா அணிந்த ஒரு அம்மாள் வந்து நின்றார். இறந்தவரின் மூத்த மகள். அவரை அந்தத் தெருவில் எல்லோரும் ஆபா என்றுதான் கூப்பிடுவார்கள், உருதுவில் அக்கா. பின்னால் நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

"உள்ள வரலாமா?" என்றார்.

போதகரின் மனைவி எழுந்துபோய்க் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்கார வைத்தார்.

"எங்க அப்பாவ சாக்கடைல தூக்கினு போனாங்க," என்றார் ஆபா. "யார் மேலயும் கோவம் இல்ல. வெளிய எடுத்துப் போட்ட கவர நானே போய்ப் பாத்தேன். பாதி எங்க வூட்டுது. மீதி உங்க வூட்டுது. இன்னா பண்ணலாம் சொல்லுங்க."

"முனிசிபாலிட்டிக்கு எழுதிக் கொடுக்கலாமே" என்றாள் ஒரு நர்ஸ்.

"குடுங்க. அவங்க வாருவாங்க. மறுபடி நாம போடுவோம்."

துணிப்பை தைத்துக் கொடுப்பது, கடைகளில் கவரை நிறுத்தச் சொல்வது என்று அன்று முடிவாயிற்று. கூட்டம் முடிந்த பிறகு, சர்ச் சங்கத்துக்கு இந்தச் சாக்கடை வேலை எதற்கு என்று ஒருத்தி முணுமுணுத்தாள். "தண்ணி உன் சமையக்கட்டுக்குள்ள வரும்போது இதக் கேக்கலியே" என்றார் போதகரின் மனைவி. அதோடு அந்தப் பேச்சு நின்றது.

ஆபா தன் பக்கத்தில் தொழுகை நடத்தும் மசூதி ஹஜ்ரத்துக்குச் சொல்லி அனுப்பினார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவர் இதைப் பற்றிப் பேசியதாகக் கேள்விப்பட்டோம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் போதகரும் பேசினார். ஷூவுக்கு உள்ளே வைத்துத் தைக்கும் லைனிங் துணியில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் எங்கள் கம்பெனியில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். மானேஜரிடம் கேட்டேன். எதற்கு என்று கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆபா வீட்டில் பெண்கள் கூடி அதைப் பைகளாகத் தைத்தார்கள். ஒரு பை பாதி மஞ்சளாகவும் பாதி காக்கியாகவும் இருக்கும். பார்க்க லட்சணமில்லை. ஆனால் கிழியாது. எங்கள் பெண்கள் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

பிரியாணிக் கடைக்கு ஆபாவும் போதகரின் மனைவியும் நானும் போனோம். கடைக்கார பாய்க்கு இறந்தவர் தூரத்துச் சொந்தம். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"ஆபா, ரோட்டு மேல கடை வெச்சிருக்கேன். பஸ்ல வர்றவன் தூக்கு எடுத்தாருவானா? கவர் இல்லன்னா பக்கத்துக் கடைக்குப் போய்டுவான்."

"பஸ்காரன் எங்க தெருவுல குப்ப போடல பாய். ஊர்க்காரங்களுக்கு மட்டும் நிறுத்துங்க."

"ஊர்க்காரங்க ஒத்துக்கணுமே. கவர் கேட்டு பேஜார் பண்றதே அவங்கதான்."

"கேட்டா என் பேர சொல்லுங்க."

அவர் ஒப்புக்கொண்டார். தூக்கு கொண்டுவராத ஊர்க்காரர்களுக்குப் பழையபடி மந்தாரை இலை கட்டினார். ஒரு கடை மாறியதும் மளிகைக்கடைக்காரரிடம் பேசுவது எளிதாயிற்று.

கிறிஸ்துமஸில் எல்லாம் கெட்டது. சர்ச்சின் விருந்துக்கு ஆண்கள் கமிட்டி வேறு எங்கோ சொல்லிப் பிரியாணி வரவழைத்தது. பொட்டலத்துக்கு மூன்று கவர். மறுநாள் காலை கால்வாய்க் கரை முழுக்க அவை கிடந்தன. ஆபா பாலத்தில் நின்று பார்த்தார். நான் கம்பெனிக்குக் கிளம்பி வந்தபோது, "எங்க ஆளுங்கள எல்லாம் நான் அதட்டி வெச்சிருக்கேன். உங்க ஆளுங்கள யாரு அதட்டறது?" என்று மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, இந்த வேலை இத்தோடு முடிந்தது என்று தோன்றியதுதான் அதிகம். ஆபா வீட்டில் தையல் நின்றது. எங்கள் பெண்களிலும் சிலர், நல்லதாகப் போயிற்று என்ற மாதிரி இருந்தார்கள்.

கமிட்டிக்காரர்களிடம் போதகரின் மனைவி பேசிப் பார்த்தார். விருந்து விஷயத்தில் பெண்கள் தலையிட வேண்டாம் என்று பதில் வந்தது. அவர் எங்களைக் கூட்டிக்கொண்டு கால்வாய்க்கு இறங்கினார். கரையில் கிடந்த கவர்களை எல்லாம் கையால் பொறுக்கிச் சாக்குகளில் அடைத்தோம். பாதி வேலையில் நிமிர்ந்து பார்த்தால் ஆபாவும் அவர் வீட்டுப் பெண்களும் எதிர்க்கரையில் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அந்தச் சாக்குகளைக் கமிட்டி கூடும் அறைக்குள் கொண்டுபோய் நாற்காலிகளுக்கு நடுவே வைத்துவிட்டு வந்தோம். நாற்றம் தாங்காமல் அன்றைய கூட்டம் வராந்தாவில் நடந்தது. கமிட்டிக்காரர்கள் கோபப்பட்டார்கள். டிரில் மாஸ்டர் அவர்களில் ஒருவர். "சாவ தோள்ல தாங்கினவன் நான். கவர் போடாதீங்கன்னு அந்தம்மா கேட்டது தப்பில்ல," என்று அவர் சொன்ன பிறகு பேச்சு மாறியது. ஈஸ்டர் விருந்துக்கு வாழை இலை போட்டுப் பந்தி நடந்தது.

அடுத்த மழைக்கு முன்னால் இரண்டு தெரு ஆண்களும் சேர்ந்து கால்வாயைத் தூர் வாரினார்கள். மழை பெய்தது. தண்ணீர் கரை தொட்டு ஓடியது, தெருவுக்குள் வரவில்லை.

அது நிரந்தரமாக நிற்கவில்லை. கடைக்கார பாய்க்குப் பிறகு கடையை எடுத்தவர்கள் மறுபடி கவர் கொடுத்தார்கள். கவர்கள் இன்னும் மலிவாகி எல்லாக் கடைகளிலும் தொங்கின. பைகள் சில வீடுகளில் மட்டும் புழக்கத்தில் இருந்தன. எண்பதுகள் முடியும்போது ஆபா வாணியம்பாடியில் மகள் வீட்டோடு போய்விட்டார். ஆனாலும் கோடையில் குழாயில் தண்ணீர் வராமல் நகராட்சி ஆபீஸுக்குப் போக வேண்டியிருந்தபோது, நாங்கள் மசூதித் தெருவுக்கு ஆள் அனுப்பிக் காத்திருந்து, அவர்களும் வந்த பிறகே சேர்ந்து கிளம்பினோம்.